மீநுண் மருத்துவ ஆய்வு வெளியீடுகளின் போக்கும் சித்த மருந்து நூல்களும்: ஆலங்குளம் – சிவகாசி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மீநுண் தொழில்நுட்பத்தை மருத்துவத்திற்குப் பயன்படுத்தும் ஆய்வுகள் இந்தியாவில் 2001க்குப் பின் பெருகின. தமிழகத்தில் இப்பெருக்கம் இரு வழிகளில் நிகழ்ந்தது. மூலிகைச் சாறு கொண்டு மீநுண் துகள்களை ஆக்குதல் ஒன்று. பற்பம், செந்தூரம் முதலிய சித்த மருந்துகளைக் கருவிகளால் அளந்தறிதல் மற்றொன்று. இரண்டுக்கும் தமிழ்மருத்துவ நூல்கள் சான்றாக எடுத்தாளப்படுகின்றன. ஆயின் அந்நூற்சான்று எவ்வாறு ஆளப்படுகிறது என்பது ஆராயப்படவில்லை. வெளியீட்டின் அளவு வளர்ந்த விரைவில் நூற்சான்றின் துல்லியம் வளரவில்லை என்பது இக்கட்டுரையின் கருதுகோள். வேதிப்பொடித் தொழிலும் தீக்காயமும் வாழ்வின் பகுதியாக உள்ள ஆலங்குளம் – சிவகாசி வட்டாரம் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: மீநுண் மருத்துவம், ஆய்வு வெளியீடு, பற்பம், செந்தூரம், பரிபாடை, மூலிகைப் பெயர், தீக்காயம்.

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தில் வெம்பக்கோட்டைக்கு அண்மையில் அமைந்த ஆலங்குளம், அரசு சிமென்ட் ஆலையால் பெயர்பெற்ற ஊர். தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் வேறு. ஒரே பெயர் இரண்டு இடங்களைச் சுட்டும்போது மாவட்டப் பெயரைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். மூலிகைப் பெயர்களில் இவ்வழக்கம் பின்பற்றப்படாமையால் விளையும் இடரைக் கட்டுரை பின்னர்க் காட்டும்.

சுண்ணாம்புக்கல்லை அரைத்துச் சுட்டுப் பொடியாக்கும் ஆலை ஒருபுறமும் அலுமினியப் பொடி, கந்தகம், வெடியுப்பு ஆகியவற்றைக் கலக்கும் பட்டாசு ஆலைகள் மறுபுறமுமாக அமைந்த வட்டாரம் இது. இங்கு ‘மருந்து’ என்னும் சொல் நாள்தோறும் இரு பொருளில் வழங்குகிறது. பட்டாசு ஆலைத் தொழிலாளர் ‘மருந்து கலக்கும் அறை’, ‘மருந்து செலுத்துதல்’ என்று கூறும்போது அது வெடிக்கலவையைக் குறிக்கும். அதே தொழிலாளர் மாலையில் மருந்துக்கடைக்குச் செல்லும்போது அது நோய்தீர்ப்பதைக் குறிக்கும். இரண்டிலும் அளவும் நுண்மையும் பிறழ்ந்தால் உயிர்க்கேடு நேரும். பயன்படு பொருளின் நுண்மை அதன் குணத்தை மாற்றும் என்பதே மீநுண் மருத்துவத்தின் அடிப்படையும் ஆதலால், இவ்வட்டாரம் இவ்வாய்வுக்குப் பொருத்தமான களமாகிறது.

‘நானோ’ என்பது குள்ளன் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அளவியலில் அது நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும். இக்கட்டுரை ‘மீநுண்’ என்னும் ஆக்கத்தைக் கையாள்கிறது. தமிழ்க் கட்டுரைகளில் நானோ, நேனோ, நனோ, மீநுண், மீச்சிறு எனப் பல வடிவங்கள் வழங்குவதால், ஒரு சொல்லைக் கொண்டு தேடும் ஆய்வாளருக்குப் பிறவடிவங்களில் எழுதப்பட்டவை அகப்படுவதில்லை. கலைச்சொல் ஒருமைப்பாடு நடைநயம் பற்றியதன்று; ஓர் ஆய்வு கண்ணிற்படுமா படாதா என்பது பற்றியது.

நுண்மையும் குணமும்

பக்கம் ஒரு செ.மீ. கொண்ட கனசதுரம் ஒன்றின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதே பொருளைப் பக்கம் 10 நானோமீட்டர் கொண்ட கனசதுரங்களாகப் பகுத்தால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டராகும். நிறை மாறவில்லை, பிறபொருளோடு வினைபுரியும் முகம் பத்து இலட்சம் மடங்கு பெருகியது. அலுமினியக் கட்டி தீப்பற்றுவதரிது, அலுமினியப் பொடி எளிதிற் பற்றும் என்பது பட்டாசுத் தொழிலாளர் யாவரும் அறிந்தது. அவ்வறிவுக்கும் மீநுண் அறிவியலுக்கும் இடையே உள்ள வேறுபாடு அளவு பற்றியதே.

உலோகப் பொடித் தொழிலோடு தொடர்புடைய அறக்கட்டளையால் 1984இல் நிறுவப்பெற்ற சிவகாசி மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியிலிருந்து, வெடிக்கலவைக் கூறுகளை மீநுண் அளவுக்குக் குறைப்பின் உராய்வு, மோதல் ஆகியவற்றுக்கு அவை எவ்வாறு எதிர்வினையாற்றும் என்பதை ஆராய்ந்த கட்டுரைகள் வெளியாகியுள்ளன. ‘மருந்து’ என்பதன் முதற்பொருள் பற்றிய மீநுண் ஆய்வு இவ்வட்டாரத்தின் சொந்தத் தேவையிலிருந்து எழுந்தது. இரண்டாம் பொருள் பற்றிய ஆய்வு அவ்வாறு எழுந்ததா என்பதே வினா.

எண்ணிக்கையின் இயல்பு

இத்துறை வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் 1959 திசம்பர் 29 அன்று ரிச்சர்டு ஃபெயின்மன் கலிபோர்னியாவில் ஆற்றிய உரையிலிருந்து தொடங்குவர். மருத்துவத்தைப் பொறுத்தவரை 1960களில் கண்டறியப்பட்ட லிப்போசோம் என்னும் கொழுப்புக் குமிழிலிருந்து தொடங்குவதே பொருந்தும். புற்றுநோய் மருந்தைக் கொழுப்புக் குமிழில் அடைத்த டாக்சில் 1995இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. தனி இதழ்கள் அதன் பின்னரே தோன்றின. நானோ லெட்டர்ஸ் 2001இலும் நேச்சர் நானோடெக்னாலஜி 2006இலும் வெளிவரத் தொடங்கின. மருத்துவத்திற்கெனத் தனி மீநுண் இதழ்கள் 2005, 2006ஆம் ஆண்டுகளில் வந்தன. இதழ்கள் பெருகியதால் கட்டுரைகள் பெருகினவா, கட்டுரைகள் பெருகியதால் இதழ்கள் பெருகினவா என்பது விதையும் மரமும் போன்ற வழக்கு.

வெளியீடுகளை எண்ணும் முறையிலேயே ஓர் இடர் உள்ளது. தரவுத்தளத்தில் ‘நானோ’ என்னும் ஆங்கிலச் சொல்முதலைக் கொண்டு தேடினால் நானோ நொடி, நானோ கிராம் என அளவைகளைக் குறித்த கட்டுரைகளும் வந்து சேரும். இதனினும் வியப்பானது சோடியம் நைட்ரேட். அதன் வேதிவாய்பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதினால் முதல் நான்கு எழுத்துகள் அப்படியே ‘நானோ’ என்று அமையும். எனவே வெடியுப்பு வகை பற்றிய கட்டுரைகள் மீநுண் ஆய்வுகளாக எண்ணப்படும் வாய்ப்பு உண்டு. தேர்ந்த எண்ணியல் ஆய்வாளர் இவற்றை விலக்கும் கட்டளைகளைத் தேடலில் சேர்ப்பர். சேர்க்காதோர் தரும் எண்கள் ஐயத்துக்குரியன. சொல்லின் வடிவொப்புமையைப் பொருளொப்புமையாகக் கொள்ளும் பிழை இது. சொல்லாராய்ச்சியில் தமிழ் ஆய்வாளர் இதனை நெடுநாளாக அறிவர்.

எண்ணிக்கை சரியாக இருப்பினும் அது எதனைக் காட்டுகிறது என்பது வேறு வினா. மீநுண் துகள் வழியே மருந்தைக் கட்டிக்குச் செலுத்தும் ஆய்வுகள் பத்தாண்டுக் காலத்தில் வெளியானவற்றுள் 117 கட்டுரைகளைத் தொகுத்து, டொரண்டோவைச் சேர்ந்த வாரன் சான் குழுவினர் 2016இல் ஆராய்ந்தனர். உடலிற் செலுத்திய துகள்களுள் கட்டியை அடைந்தது, இடைநிலை மதிப்பில், 0.7 விழுக்காடு. இத்தனை ஆண்டு வெளியீட்டுப் பெருக்கத்தில் அவ்விழுக்காடு கணிசமாக உயரவில்லை என்பது அக்கட்டுரை எழுப்பிய கவலை. மறுபுறம், பெருநோய்த் தொற்றுக் காலத்தில் கொழுப்பு மீநுண் துகளில் பொதிந்த தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசி 2020 திசம்பரில் அமெரிக்காவில் அவசர ஒப்புதல் பெற்றுக் கோடிக்கணக்கானோர் உடலிற் சென்றது. ஆகவே துறை வெறுமையானது என்பது தவறு. எண்ணிக்கை பெருகிய இடமும் பயன் விளைந்த இடமும் ஒன்றல்ல என்பதே சரி.

இந்தியப் போக்கும் இலைச்சாறும்

இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2001இல் மீநுண் அறிவியல் முனைப்பைத் தொடங்கிற்று. 2007இல் ஐந்தாண்டுகளுக்கு 1000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் நானோ மிஷன் ஒப்புதல் பெற்றது. சி.என்.ஆர். ராவ் அதற்குத் தலைமைதாங்கினார். அடுத்த பத்தாண்டுக்குள் மீநுண் அறிவியல் கட்டுரை எண்ணிக்கையில் இந்தியா உலக அளவில் மூன்றாமிடம் பெற்றதாக அத்துறை அறிவித்தது. மீநுண் மருந்துகளை மதிப்பிடுவதற்கான இந்திய நெறிமுறைகளோ 2019 அக்டோபரில்தான் வெளியாயின. கட்டுரை முன்னே ஓட, நெறி பின்னே வந்தது.

பெருக்கத்தின் பெரும்பங்கு பசுமைமுறை ஆக்கத்தைச் சார்ந்தது. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழுவினர் வேப்பிலைச் சாற்றால் வெள்ளி, தங்கத் துகள்களை ஆக்கிய கட்டுரை 2004இல் வெளிவந்தது. அது முன்னோடிக் கட்டுரை. வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் இலைச்சாற்றை ஊற்ற, நிறம் பழுப்பாக மாறும். ஒளியுறிஞ்சல் அளவி ஏறத்தாழ 420 நானோமீட்டரில் ஒரு முகட்டைக் காட்டும். எக்ஸ்-கதிர்ப் படமும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படமும் எடுக்கப்படும். கண்ணாடித் தட்டில் வளர்த்த பாக்டீரியாவைச் சுற்றித் தெளிவட்டம் அளக்கப்படும். இவை முடிந்தால் கட்டுரை ஆயிற்று. செலவு குறைவு, காலம் குறைவு, செடியோ வேலியோரத்தில் கிடைக்கும். பெரிய கருவிகளற்ற மாவட்டக் கல்லூரிகளில் பயிலும் ஆய்வாளர்க்கு இம்முறை மீநுண் அறிவியலின் கதவைத் திறந்தது என்பதை மறுத்தல் முறையன்று. ஆனால் கதவருகிலேயே நின்றுவிட்ட கட்டுரைகள் மிகப் பல. ஒரு செடி, ஒரு கட்டுரை. அடுத்த செடி, அடுத்த கட்டுரை என்னும் வாய்பாடு அமைந்துவிட்டது.

வெளியீட்டை வேண்டி நின்ற விதிகளும் இதற்குக் காரணம். ஆய்வேட்டை அளிக்குமுன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்னும் பல்கலைக்கழக மானியக் குழுவின் கட்டாயம் 2022 நவம்பரில் வந்த ஒழுங்குமுறையில்தான் நீக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2018 மே மாதத்தில், குழு தன் ஏற்புப் பட்டியலிலிருந்து 4305 இதழ்களை நீக்கியிருந்தது. உலக அளவிலும் இதே நிலை. 2023இல் ஹிந்தாவி என்னும் ஒரே பதிப்பகம் 8000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. தமிழாய்வு இதழ்களும் இவ்விதிகளின் நிழலிலேயே வளர்ந்தவை ஆதலால், இதனை அறிவியல் துறையின் நோயாக மட்டும் தமிழ்த் துறை பார்க்க இயலாது.

பற்பமும் படிகமும்

தமிழ் ஆய்வாளரை நேரடியாகத் தொடும் பகுதி சித்த மருந்துகள் பற்றிய மீநுண் ஆய்வு. உலோகத்தைச் சுத்தி செய்து, மூலிகைச் சாறுவிட்டு அரைத்து, வில்லை தட்டி உலர்த்தி, அகலில் வைத்துச் சீலைமண் செய்து, வறட்டிப் புடமிட்டு எடுப்பது பற்பம் அல்லது செந்தூரம். காடைப்புடம், கோழிப்புடம், கசபுடம் எனப் புடத்தின் பெயர்களே வெப்பத்தின் அளவைக் குறிக்கும் அளவைச் சொற்கள். முடிந்த மருந்து நீரில் மிதக்க வேண்டும். விரல்ரேகைக்குள் படிய வேண்டும். மினுமினுப்பும் சுவையும் அற்றிருக்க வேண்டும். மீண்டும் உலோகமாக உயிர்த்தெழலாகாது. கருவியின்றி நுண்மையையும் வேதிமாற்றத்தையும் சோதிக்கும் முறைகள் இவை. ரேகையிற் படிதல் துகளின் பருமனைப் பற்றியது. உயிர்த்தெழாமை உலோகம் சேர்மமாக மாறியதைப் பற்றியது. இரண்டும் இருவேறு சோதனைகள் என்பதை நூலோர் பிரித்து உணர்ந்தமை கருதத்தக்கது.

இம்மருந்துகளை எக்ஸ்-கதிர் விளிம்புவிளைவாலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியாலும் ஆராய்ந்த கட்டுரைகள் தாம்பரத்துத் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005இல் தொடங்கப்பெற்ற காலத்தை ஒட்டியும் பின்னும் மிகுந்தன. அவற்றுட் பல எட்டும் முடிவு ஒன்றே: பற்பம் மீநுண் துகள்களால் ஆனது, ஆகவே சித்தர்கள் மீநுண் மருத்துவத்தை அறிந்திருந்தனர். இம்முடிவில் இரண்டு தாவல்கள் உள்ளன.

முதல் தாவல் அளவு பற்றியது. விளிம்புவிளைவுப் படத்தில் முகடு எவ்வளவு அகன்றிருக்கிறது என்பதைக் கொண்டு, பால் ஷெரர் 1918இல் தந்த வாய்பாட்டின்படி கணக்கிடப்படுவது படிகக்கூற்றின் அளவு, துகளின் அளவன்று. ஒரு துகளுக்குள் பல படிகக்கூறுகள் நெருங்கிப் பொருந்தியிருக்கலாம். மாதுளை முத்தை அளந்துவிட்டுப் பழமே அவ்வளவுதான் என்பது போன்றது இரண்டையும் ஒன்றாகக் கொள்வது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆயுர்வேதச் சுவர்ண பஸ்மம் பற்றி 2007இல் கோல்டு புல்லட்டின் இதழில் வந்த ஆய்வு. பிரவுன் முதலியோர் எழுதிய அக்கட்டுரை 56–57 நானோமீட்டர் அளவுடைய தங்கப் படிகக்கூறுகளைக் கண்டது. ஆனால் அதே கட்டுரையின் தலைப்பு அம்மருந்தை ‘நுண்துகள்’ மருந்து என்றுதான் சொல்கிறது, மீநுண் துகள் மருந்து என்று சொல்லவில்லை. எடுத்தாண்டோர் பலர் எண்ணை எடுத்துக்கொண்டு தலைப்பை விட்டனர். பாட்டின் ஓரடியை எடுத்துக் கூற்றையும் துறையையும் விட்டுப் பொருள்கொள்வது எத்தகைய பிழையோ அத்தகையதே இது. உரையாசிரியர் மரபில் வந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இரண்டாம் தாவல் அறிவு பற்றியது. கீழடிப் பானையோட்டின் கரும்பூச்சில் கரிம மீநுண் குழாய்கள் உள்ளதாக வேலூர்த் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர் பங்குகொண்ட கட்டுரை 2020இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளிவந்தது. தமஸ்கு வாளில் அத்தகைய குழாய்களைக் கண்டதாகப் பாஃப்ளர் குழுவினர் 2006இல் நேச்சரில் எழுதினர். அவ்வாளுக்குரிய உருக்கு தென்னிந்தியத் தொடர்புடையது. குயவரும் கொல்லரும் தம் கைத்திறத்தால் அவ்வமைப்பை ஆக்கினர். ஆக்கினர் என்பதற்குச் சான்று உண்டு. அவ்வமைப்பை அறிந்திருந்தனர் என்பதற்கு அதே சான்று போதாது. பற்பத்துக்கும் இது பொருந்தும். ஆக்கும் முறையை வரையறுத்து, சோதனையால் உறுதிசெய்து, தலைமுறைக்குக் கையளித்தது பெரும் அறிவுச் செயல். அதற்கு ‘மீநுண்’ என்னும் அயற்பட்டம் சூட்டினால்தான் பெருமை என்று கருதுவது அம்மரபின் சொந்த அளவைகளைச் சிறுமைப்படுத்துவதாகும்.

இது பெருமை பற்றிய வாதம் மட்டுமன்று. 2008இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் சேப்பர் குழுவினர், இணையவழி விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளுள் ஐந்தில் ஒரு பங்கில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருப்பதைக் கண்டனர். இரசம் சேர்ந்த மருந்துகள் சித்தத்திலும் முதன்மையானவை. பாதரசம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாச் சேர்மமாக நிற்பின் அதன் நச்சுத்தன்மை வேறு. கரையும் வடிவில் இருப்பின் வேறு. ஒரு துகள் மீநுண்ணாக இருப்பதே அது நன்மை தரும் என்பதற்குச் சான்றாகாது. மேற்பரப்புப் பெருகினால் நச்சும் பெருகக்கூடும். அலுமினியப் பொடியின் நுண்மை கூடக்கூட அதனைத் தொடும் கைக்கு அச்சம் கூட வேண்டும் என்பதை மருந்து கலக்கும் அறை நன்கறியும்.

பெயரும் பாடமும்

வெளியீடுகளில் மிக மெலிந்த பகுதி நூற்சான்று. ‘இச்செடி சித்த மருத்துவத்தில் பயன்படுகிறது’ என்னும் ஒருவரி பெரும்பாலான முன்னுரைகளில் உண்டு. எந்நூல், எப்பாட்டு, எச்சுவடி, எப்பதிப்பு என்பது அரிதாகவே உண்டு. கரிசாலை என்று நூல் சொன்னால் அது வெள்ளைப்பூக் கரிசலாங்கண்ணியா, பொற்றலைக் கையாந்தகரை எனப்படும் மஞ்சட்பூக் கரிசலாங்கண்ணியா என்பதை இடம்நோக்கி முடிவு செய்ய வேண்டும். இரண்டும் தாவரவியலில் வெவ்வேறு பேரினங்கள். கீழாநெல்லியின் நிலை இன்னும் சிக்கலானது. இந்திய நூல்களில் நெடுங்காலம் பில்லாந்தஸ் நிரூரி என்று எழுதப்பட்டது உண்மையில் அமாரஸ் முதலிய பல இனங்களின் தொகுதி என்பதை மித்ரா, ஜெயின் ஆகியோர் 1985இல் தெளிவுபடுத்தினர். நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. அதன் பின்னும் பழம்பெயர் கட்டுரைகளில் தொடர்கிறது. இலையின் வேதிப்பொருளே வெள்ளித் துகளின் வடிவையும் அளவையும் முடிவு செய்கிறது ஆதலால், செடி மாறினால் முடிவு மாறும். மீண்டும் செய்துபார்க்க இயலாத ஆய்வு என்னும் குறை பல நேரங்களில் ஆய்வகத்தில் தோன்றுவதன்று, பெயரிலேயே தோன்றிவிடுகிறது.

பரிபாடை இதனைப் பின்னும் கடினமாக்குகிறது. நன்னூல் தகுதி வழக்கினுள் குழூஉக்குறியை வைக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர் என்பது உரையாளர் காட்டும் எடுத்துக்காட்டு. சித்தர் நூல்களின் மறைபொருட் சொற்களும் இவ்வகையின. அவற்றுக்கு அகராதி உண்டு, டி.வி. சாம்பசிவம் பிள்ளையின் சித்த மருத்துவ அகராதி இன்றும் முதற்கருவி. ஆயினும் ஒரே மறைசொல் நூலுக்கு நூல் பொருள் மாறுவதால் அகராதி மட்டும் போதாது. பாடவேறுபாடு காட்டும் பதிப்பு வேண்டும். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சைச் சரசுவதி மகால், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றில் மருத்துவச் சுவடிகள் திரளாக உள்ளன. ஒப்புநோக்கிப் பதிப்பிக்கப்பட்டவை அவற்றுள் சிலவே. அகத்தியர், போகர் பெயரில் வழங்கும் நூல்கள் பலவற்றின் நடை பிற்காலத்தது ஆதலால், அப்பெயர்களைக் கொண்டு ஒரு செய்முறைக்குத் தொன்மை கற்பிப்பதும் இயலாது.

நூற்சான்று ஓர் அலங்காரம் என்று கருதுவோர் மஞ்சள் வழக்கை நினைத்தல் நலம். புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995இல் வழங்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமை, இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூற்சான்றுகளை முன்வைத்ததால் 1997இல் நீக்கப்பட்டது. பின்னர் 2001இல் தொடங்கப்பெற்ற மரபறிவு எண்ணிம நூலகத்தில் சித்த நூல்களும் இடம்பெற்றன. மூலநூலைப் பிழையின்றிப் படிப்பது ஒரு நாட்டின் உரிமையைக் காத்த நிகழ்ச்சி அது.

தீக்காயமும் வெள்ளியும்

ஆலங்குளம் – சிவகாசி வட்டாரத்தில் மீநுண் மருத்துவத்தின் பயன் முதலில் எங்கே தேடப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் மீண்டும் பலர். பிழைத்தோர் சிவகாசி அரசு மருத்துவமனைக்கும், காயம் மிகின் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கும் கொண்டுசெல்லப்படுவர். தீக்காயத்தில் உயிரைப் பறிப்பது பலநேரம் பின்னர்ப் பற்றும் தொற்று. வெள்ளி அதற்கு எதிரான பழைய மருந்து. 1968இல் சார்லஸ் ஃபாக்ஸ் அறிமுகப்படுத்திய சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு இன்றுவரை வழக்கில் உள்ளது. மேலோட்டமான, நடுத்தரத் தீக்காயங்களில் அக்களிம்பு ஆறும் காலத்தை நீட்டிக்கிறது என்று காக்ரேன் தொகுப்பாய்வு 2013இல் கூறியது. மீநுண் வெள்ளிக்கு இடம் இருப்பது இங்குத்தான். குறைந்த வெள்ளியில் அதே தொற்றுத்தடுப்பும், தோல் வளர்வதற்குத் தடையின்மையும் கிடைக்குமா என்பதே மருத்துவர் கேட்கும் வினா.

புனே அகர்கர் ஆய்வு நிறுவனத்தில் கிஷோர் பக்னிக்கர் குழுவினர் 2009இல் வெளியிட்ட கட்டுரை இவ்வினாவை நோக்கி எழுதப்பட்டது. அவர்கள் துகளை ஆக்குவதோடு நிற்கவில்லை. அதனைக் களிம்பாக்கி, வணிகச் சில்வர் சல்ஃபாடயசினோடு ஒப்பிட்டு, முப்பதில் ஒரு பங்கு வெள்ளியில் ஒத்த ஆற்றல் கிடைப்பதைக் காட்டி, உயிரணுக்கள் மீதும் விலங்குகள் மீதும் நச்சுச் சோதனை செய்தனர். பசுமைமுறை வெள்ளிக் கட்டுரைகள் பெரும்பாலானவற்றின் கடைசிப் பத்தியில் ‘புண்ணாற்றும் மருந்தாகப் பயன்படலாம்’ என்னும் தொடர் காணப்படும். அத்தொடருக்கும் அகர்கர் கட்டுரைக்கும் இடையே உள்ள படிகள் நான்கைந்து. களிம்பாக்கல், மனிதத் தோலணு மீது சோதனை, வழக்கிலுள்ள மருந்தோடு ஒப்பீடு, விலங்குச் சோதனை, 2019 நெறிமுறைப்படியான தரச்சான்று. ஒவ்வொன்றும் ஆண்டுகள் எடுக்கும். எதுவும் ஆறுமாதக் கட்டுரையாக முடியாது.

இப்படிகளில் முதலாவதற்கும் முந்திய ஒரு படி தமிழ்த் துறைக்குரியது. சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி போன்ற இடங்களில் தாவரவியலும் உயிரித் தொழில்நுட்பமும் தமிழும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. தீப்புண்ணுக்கு மருந்துரைக்கும் பாடல் ஒன்றை எடுத்து, சுவடிப் பாடங்களை ஒப்பிட்டு, மூலிகைப் பெயரை இடம்நோக்கி வரையறுத்து, அச்செடியின் உலர்மாதிரியை எண்ணிட்டுக் காப்பகத்தில் வைத்த பின்னரே சாறு பிழியப்படுமாயின், அக்கட்டுரையின் முதற்பத்தியில் இரண்டு துறையினர் பெயரும் இருக்கும். அவ்வாறு அமையாத கட்டுரைகளில் கரிசாலை எது என்பதை மதிப்பீட்டாளர் கேட்பதில்லை; கேட்கத் தெரிந்தவர் மதிப்பீட்டுக் குழுவில் இல்லை.